கை நீட்டி நின்ற தண்டவாளம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, மண்ணில் நட்டு நிறுத்திய ஓர் இரும்பின் இடுப்பிலிருந்து வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்த மனிதர்.

“கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க ரிப்போர்ட்டர் அக்கா. சாமிக்கு உடுப்பு மாத்துறேன்” என்றார் அவர்.

திரும்பினேன். ஆனால் பல வருடம் செய்தி எழுதிய கழுத்து அது. முழுதாகத் திரும்பாது.

சிம்பாங் பூலாயிலிருந்து மலைப் பாதையில் சற்று ஏறி, இடப்பக்கம் பிரியும் செம்மண் சடக்கின் முடிவில் இருக்கிறது அந்த இடம். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பிறகு செம்பனை. நான் போன அன்று அதுவும் இல்லை. சாய்த்த செம்பனைகளைத் துண்டு போட்டுக் குவித்திருந்தார்கள். புளித்த வாடை அடித்தது. வரிசை வீடுகள் வரப்போவதாக ஒரு பலகை சொன்னது. பலகையில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த வெட்டவெளியில் மிச்சம் இருந்தவை நான்கு மரக்கால், ஒரு தகரக் கூரை, அதற்கடியில் முனியாண்டி.

உடுப்பு மாற்றியவர் பெயர் செல்வம். ஐம்பது வயது. கல்லுடைக்கும் இடத்தில் லோரி ஓட்டுகிறார்; வெள்ளிக்கிழமைகளில் பூசாரி. இரண்டு நாள் முன்னால் எனக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: “ஞாயித்துக்கெழம முனியாண்டி கெளம்புறாரு. திங்கக்கெழம மெஷின் வருது. வந்து ஒரு நாலு வரி எழுதுங்க.”

மெயின் சடக்கை ஒட்டி மாற்று இடம் கொடுத்திருந்தார்கள். அதை வாங்க அவர் அலைந்த கதை தனி. அதை எழுதத்தான் போனேன். எழுதியது வேறு.

வலக்கை முஷ்டி, இடக்கை ஆசி

வேட்டி விலகியதும் தெரிந்தது, அது ஒரு தண்டவாளத் துண்டு.

ஈப்போ ஸ்டேஷனில் நாம் பார்க்கும் தண்டவாளம் இல்லை. அதில் பாதிகூடக் கனமில்லாத, ஒல்லியான தண்டவாளம். இடுப்பளவு உயரம். பல வருட எண்ணெயில் கருத்து, தொட்டால் விரலில் ஒட்டும்போல் இருந்தது. மேல் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு துளை. தண்டவாளங்களை இணைக்கும் பட்டையை முடுக்குவதற்கான துளை. அதில் ஒரு முழ நீள இரும்புக் கம்பியைக் குறுக்காகச் செருகியிருந்தார்கள். கம்பியின் ஒரு முனை குமிழ். மறு முனை மேல்நோக்கி மடங்கியிருந்தது.

“இது வலக்கை. முஷ்டி. கெட்டவனுக்கு” என்றார் செல்வம், குமிழைத் துணியால் துடைத்தபடி. “இது இடக்கை. மேல தூக்கியிருக்கு பாருங்க, ஆசீர்வாதம். நமக்கு.”

“யார் வைத்தது?”

“யாரும் வெக்கல. எங்க தாத்தா இந்தத் தோட்டத்துக்கு வேல செய்ய வந்தப்ப, காட்டுக்குள்ள இவரு இப்படியே நின்னுட்டு இருந்தாராம். கைய நீட்டிக்கிட்டு. சும்மா கெடக்கிற இரும்பு கைய நீட்டுமா?”

இரண்டு கைகளிலும் மாலை மாட்டினார். வசதியாகத்தான் இருந்தது. காலடியில் சுருட்டு ஒன்று, ஒரு போத்தல் கறுப்பு பீர், இரண்டு எலுமிச்சம்பழம். புது வேட்டி கட்டுவதற்குள் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். சாமியை உடுப்பில்லாமல் படம் எடுத்ததை செல்வம் பார்க்கவில்லை.

குனோங் ராபாட், மாலை

என் வீடு குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே ஒரு வரிசையில் இருக்கிறது. பக்கத்து வீடு பிலோமினா அக்காவுடையது. எண்பதைத் தாண்டியவர், மருத்துவமனைத் தையல் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவர் அக்கா. யாராவது ‘அம்மா’ என்றால், “நான் எப்ப ஒன்னப் பெத்தேன்?” என்பார்.

அன்று மாலை வேலிக்கு அந்தப் பக்கம் அவர் துணி எடுத்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் படத்தைக் காட்டினேன். முனியாண்டிக்குக் கை இருக்கும் வேடிக்கையைச் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன்.

சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தொலைபேசியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“பெருசு பண்ணு. அந்தக் கம்பி. ஒரு பக்கம் நுனி மேல மடங்கியிருக்கா?”

“மடங்கியிருக்கிறது.”

“அந்தப் பக்கம் உருண்டையா?”

“ஆமாம்.”

கொடியில் இருந்த தலையணை உறையை எடுத்தார். மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“இது எங்கப்பா மா” என்றார்.

ஒரு காட்டு ரயில்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

யுத்த காலத்து ரயில் என்றால் நம்மவர்களுக்குச் சயாம் ரயில்தான். தோட்டங்களிலிருந்து எத்தனையோ பேரை ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பித் தராத ரயில். அதைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது, இன்னும் எழுதலாம்.

ஆனால் சின்ன ரயில்களும் இருந்தன. நான் வேலையில் சேர்ந்த புதிதில், தஞ்சோங் மாலிமில் வேறு ஒரு விஷயமாகப் போனபோது, ஜப்பான்காரர் காலத்தில் மரம் இழுக்கும் லைனில் வேலை செய்த ஒருவரிடம் ஒரு மதியம் பேசினேன். அவர் சொன்னது நினைவில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தேன், ஆசிரியர் ஒரு வரியும் விடாமல் வெட்டிவிட்டார். இடமில்லை என்றார். அன்று பக்கத்தில் ஒரு சோப்பு விளம்பரம் வந்தது.

நிலக்கரி வருவது நின்றுபோனதும் பெரிய ரயிலுக்கே விறகு தேவைப்பட்டது. பாலத்துக்கு மரம், தண்டவாளக் கட்டைக்கு மரம், எல்லாவற்றுக்கும் மரம். மூடிக் கிடந்த ஈயச் சுரங்கங்களிலிருந்து ஒல்லித் தண்டவாளங்களைப் பிடுங்கிக் காட்டுக்குள் போட்டார்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே இரண்டடிதான். ஒரு கன்றுக்குட்டி குறுக்கே நின்றால் லைன் மறைந்துவிடும்.

எஞ்சின் கிடையாது. மேலே போகும்போது காலி வண்டியை ஆட்கள் தள்ளினார்கள். சில இடங்களில் எருமை இழுத்தது. கீழே வரும்போது மரத்தின் பாரமே வண்டியை ஓட்டியது. பின்னால் ஒருவர் நின்றுகொண்டு, ஒரு நீண்ட கட்டையைச் சக்கரத்தின்மேல் வைத்து, உடம்பு முழுவதையும் அதில் சாய்க்க வேண்டும். அதுதான் பிரேக். கட்டை தேயும், புகையும். “வீட்டுக்குப் போனாலும் சட்டையில் கருகின மர வாடை போகாது” என்றார் தஞ்சோங் மாலிம்காரர். பொண்டாட்டி அதை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவாளாம்.

மர லைனில் இருந்தவர்களைச் சயாமுக்கு அனுப்பவில்லை என்றும் சொன்னார். எல்லா இடத்திலும் அப்படித்தானா என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. ஆனால் அப்படி நம்பித்தான் பலர் அந்த வேலைக்கு ஓடினார்கள்.

பிலோமினா அக்காவின் அப்பா அந்தோணியும் அப்படி ஓடியவர். சிம்பாங் பூலாய்க் காட்டு லைனில் அவர் பிரேக் கட்டை பிடித்தார்.

சோளக் கோப்பி

இனி வருவது அக்கா சொன்னது. அவருக்கு அவருடைய அம்மா சொன்னது.

மழை பெய்த மறுநாள் காலை. வேலைக்குக் கிளம்பும்போது அம்மா ஒரு குவளை கோப்பி கொடுத்திருக்கிறார். கோப்பி என்று பெயர்தான். சோளத்தைக் கருக வறுத்து இடித்த தூள். சீனி எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்தோணிக்குக் கள்ளு, சாராயம், சுருட்டு எதுவும் கிடையாது. கோப்பி ஒன்றுதான். ஒரு வாய் குடித்துவிட்டு, “சண்ட முடியட்டும். ரெண்டு கரண்டி சீனி போட்டு ஒரு கோப்பி குடிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓடைப் பக்கத்து வளைவில் ஈரச் சக்கரத்தில் கட்டை பிடிக்கவில்லை. வண்டி சாய்ந்தது.

வேலையை நிறுத்த விடவில்லை. கூட இருந்தவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வளைவுக்குப் பக்கத்திலேயே குழி தோண்டினார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. ஆனால் அந்தோணி வேதக்காரர், அவருக்குச் சிலுவை வேண்டும் என்பது தெரிந்திருந்தது. உடைந்த தண்டவாளத் துண்டு ஒன்றை நட்டார்கள். வண்டிகளைக் கோக்கும் கம்பியைத் துளையில் குறுக்காகச் செருகினார்கள். கழன்று விழாமல் இருக்க, நுனியை மேல்நோக்கி மடக்கி அடித்தார்கள்.

அம்மாவை ஒரே ஒரு தடவை அங்கே கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார்கள். அப்போது பிலோமினா அக்கா வயிற்றில். மடங்கிய நுனியை அம்மா கையால் தடவிப் பார்த்தாராம். பிறகு யுத்தம் முடிந்தது. லைனைப் பிடுங்கி விற்றார்கள். அம்மா பத்து காஜா என்ற ஊருக்குப் பிழைக்கப் போனார். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது, அந்தக் காட்டுக்குள் யாரையும் விடவில்லை. விட்டபோது காடு இல்லை, ரப்பர் இருந்தது. அம்மா இரண்டு முறை தேடிப்போய்த் திரும்பினார்.

“அவங்க சாகும்போது ஒண்ணுதான் கேட்டாங்க” என்றார் அக்கா. “அப்பாவக் கண்டுபிடிச்சா என் பக்கத்துல கொண்டாந்து வையின்னு. நானும் கல்லறையில பக்கத்து இடத்த விட்டு வெச்சிருக்கேன். எனக்குன்னு நெனச்சிருப்பாங்க எல்லாரும்.”

ஈப்போவில் ஆயிரம் இரும்பு வளைந்து கிடக்கும், அக்கா. இது வாய் வரை வந்தது. சொல்லவில்லை. உறுதிப்படுத்தாததை மறுப்பதும் சரியில்லை.

“பீரா ஊத்துனீங்க?”

மறுநாள் சனிக்கிழமை. அக்காவைக் காரில் கூட்டிப் போனேன். பூசைக்குப் போகும் சேலை கட்டியிருந்தார். கைப்பையில் ஜெபமாலை.

முனியாண்டிக்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டார். மணியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த செல்வம், அடிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார்.

விஷயத்தை நான்தான் சொன்னேன். செல்வம் முழுவதையும் கேட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அலாமா. இப்ப என்னம்மா செய்யச் சொல்றீங்க?”

“அம்மான்னு கூப்பிடாத. எங்கப்பாவ என்கிட்ட குடு. அங்க அம்மா காத்துட்டு இருக்காங்க.”

“குடுத்துட்டு? நாளைக்குக் காலையில இங்க நூறு பேரு வருவாங்க. சாமிய மெயின் சடக்குக்குக் கொண்டு போகணும். சாமி இருக்குன்னு சொல்லித்தான் அந்த எடத்தக் குடுத்தான். சாமி இல்லன்னா எடமும் இல்ல லா. தாத்தா, அப்பா, நான்னு மூணு தலமொற வெளக்கு வெச்சிருக்கோம்.”

“வெளக்கு மட்டுமா வெச்சீங்க?” அக்காவின் கண் போத்தலில் விழுந்தது. “எங்கப்பா ஒரு சொட்டு தொட்டதில்ல. கோப்பிக்காரரு. அவருக்குப் பீரா ஊத்துனீங்க?”

“வெள்ளிக்கெழம மட்டும்.”

“எத்தன வருஷமா!”

“புடிக்கலன்னா காட்டியிருப்பாரு லா. ஒரு தடவ போத்தல் தானா கவுந்துச்சு. காத்துன்னு நெனச்சோம்.”

“பாத்தியா!” என்றார் அக்கா என் பக்கம் திரும்பி. சாட்சி கிடைத்துவிட்ட முகம்.

செல்வம் மணியைக் கீழே வைத்தார். குரலும் இறங்கியது. “நாங்க இவர அப்பான்னுதான் கூப்பிடுவோம். எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு நேரா இங்க வந்து, இந்தக் கையப் புடிச்சிட்டுத்தான் அழுவேன். அப்டிப் பாத்தா நீங்க எனக்கு அக்கா. ஒரே அப்பாவ ரெண்டா அறுக்க முடியாது. சுசா, ரொம்பக் கஷ்டம் அக்கா.”

அக்கா, பூ விற்பவர் வைத்துவிட்டுப் போயிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

பேச்சை நகர்த்த ஒரு கேள்வி கேட்டேன். எனக்கு வேறு தொழில் தெரியாது.

“செல்வம், ஓடை எங்கே?”

“ஓடையா? கீழ. அந்தச் சரிவத் தாண்டி. இப்ப மூடிட்டான்.”

“அந்தோணியைப் புதைத்தது ஓடைப் பக்கத்து வளைவில். இது மேடு.”

“ஆமா. முந்தி சாமி அங்கதான் இருந்தாரு. ரப்பரச் சாச்சிட்டு செம்பன நட்டப்ப, தாத்தா இவரத் தூக்கிட்டு வந்து இங்க நட்டாரு.”

அக்கா நிமிர்ந்தார். “அப்ப எங்கப்பா இங்க இல்லையா?”

மூடப்பட்ட ஓடையின் திசையில் அன்றைக்கே ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. மண்ணைப் புரட்டி முடித்து, தரையை அழுத்திக்கொண்டிருந்தது. தேடுவதற்கு அங்கே இனி ஒன்றும் இல்லை.

“இருக்காரு அக்கா” என்றார் செல்வம் மெதுவாக. “தாத்தா சும்மாவா தூக்கிட்டு வந்திருப்பாரு? புடிமண் இல்லாம சாமி எப்டி நகரும்?”

ஜாடி

இதைப் படிக்கும் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. பிலோமினா அக்காவுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஒரு சாமியை இடம் மாற்றும்போது, நின்ற இடத்தின் மண்ணைக் கைப்பிடி அள்ளி, புது இடத்தில் அடியில் வைத்துத்தான் மேலே நடுவார்கள். மண் வராமல் சாமி வருவதில்லை. நம் ஊர்க் கோயில்கள் பாதி இப்படிப் பிடிமண்ணில் எழும்பியவைதான்.

அக்கா சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய் வந்துவிட்டார், ஞாயிறு காலை இதற்கு வர வேண்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது மேளம் வந்திருந்தது. நெய், கற்பூரம், செம்பனைப் புளிப்பு மூன்றும் கலந்த காற்று.

செல்வமும் இன்னும் இருவரும் சுற்றிலும் சங்குல் மண்வெட்டியால் மண்ணை வெட்டினார்கள். தண்டவாளத்தை ஆட்டினார்கள். அது அசைந்து, சாய்ந்து, நான்கு கைகளில் படுத்தது. குழிக்குள் செல்வம் கையை விட்டார். தோள் வரைக்கும் போனது.

வெளியே வந்தது ஒரு சீன ஊறுகாய் ஜாடி. பழுப்பு நிறப் பளபளப்பு இன்னும் போகவில்லை. வாயில் மூடி வைத்து மெழுகு ஊற்றியிருந்தார்கள்.

செல்வம் அதை முதலில் பூசைத் தட்டில் வைக்கவில்லை. அக்காவின் மடியில் வைத்தார். மேளக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். செல்வம் மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தார்.

நான் கவனித்ததைச் சொல்கிறேன். அந்த மேட்டு மண் சிவப்பு. காலில் பட்டால் செங்கல் பொடி மாதிரி ஒட்டும். ஜாடியில் இருந்தது சாம்பல் நிறம். ஆற்று மணல் கலந்தது. நடுவில் சின்னச் சின்னக் கூழாங்கற்கள்.

அக்கா இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்தார். முகர்ந்து பார்த்தார். என்ன வாடை என்று நான் கேட்கவில்லை.

“பாதி எனக்கு” என்றார்.

“பாதி உங்களுக்கு அக்கா.”

அவருடைய கைப்பையில் துவைத்து இஸ்திரி போட்ட தலையணை உறை ஒன்று இருந்தது. அதில்தான் வாங்கிக்கொண்டார். செல்வம் கையால் அள்ளி அள்ளி, பாதிக்கு மேல் ஒரு பிடி அதிகமாகவே போட்டார்.

பிறகு தண்டவாளத்தைக் காட்டி, “அந்தக் கம்பிய வேணும்னா அறுத்துத் தாரேன். அறுக்கிற மெஷின் லோரியில இருக்கு. கல்லறையில சிலுவையா வெச்சுக்கலாம்” என்றார். கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். செல்வம் திரும்பிப் பார்த்ததும் நின்றது.

அக்கா எழுந்து போய், படுத்திருந்த தண்டவாளத்தின் பக்கத்தில் குனிந்தார். மடங்கிய நுனியைக் கையால் தடவினார். வெள்ளிக்கிழமை மாட்டிய மாலையின் நார் அதில் இன்னும் சுற்றியிருந்தது.

“வேணாம்” என்றார். “அப்பறம் நீ மாலைய எங்க மாட்டுவ?”

மேளம் மறுபடி தொடங்கியது.

கல்லறையில்

அடுத்த வாரத்தில் ஒரு நாள், அக்காவின் அம்மா கல்லறைக்குப் பக்கத்து இடத்தில் தலையணை உறையோடு அந்த மண்ணை வைத்தோம். பங்குச் சாமியார் சுருக்கமாக ஜெபித்தார். செல்வம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். “இங்க கழட்ட வேண்டியதில்லடா, முள்ளு இருக்கு” என்றார் அக்கா. அவர் கேட்கவில்லை.

இப்போது அங்கே ஒரு சின்னக் கல் இருக்கிறது. அந்தோணி என்ற பெயர் மட்டும். தேதி அக்காவுக்கும் தெரியாது.

செய்தியை நான் எழுதவில்லை. எந்தப் பக்கத்தில் போடுவார்கள் என்று யோசித்தேன். கோயில் பக்கத்துக்கும் பொருந்தவில்லை, மரண அறிவித்தலுக்கும் பொருந்தவில்லை. இந்தத் தொடருக்காக வைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மெயின் சடக்கு வழியாகப் போனபோது புதுக் கோயிலில் நிறுத்தினேன். சிமெண்டுத் தரை, நீலக் கூரை. முனியாண்டி புது வேட்டியில், இரண்டு கையிலும் மாலையோடு நின்றார். காலடியில் எலுமிச்சம்பழம் இருந்தது. கறுப்பு பீர் இல்லை. ஒரு கண்ணாடிக் கிளாசில் பால் விடாத கோப்பி ஓ வைத்திருந்தார்கள். ஆவி வந்துகொண்டிருந்தது.

சீனி போட்டிருக்கிறீர்களா என்று செல்வத்திடம் கேட்டேன்.

“ரெண்டு கரண்டி” என்றார்.